அறுத்து, ஒட்டி, உருமாற்றிய பழைய மசில் கார்: அது கலையா?

கேள்வி இதுதான்: 1960களின் நடுவிலிருந்து 70களின் தொடக்கம் வரை அமெரிக்காவில் வந்த மஸ்டாங், கமாரோ, சார்ஜர், செவெல் மாதிரியான, பெரிய இன்ஜின் வைத்த மசில் கார்களை வாங்கி, தகட்டை அறுத்து, மட்கார்டை அகலமாக்கி, இன்ஜினை மாற்றி, லட்சக்கணக்கான டாலர் செலவில் வேறு வண்டியாகவே ஆக்கிவிடுகிறார்களே, அதைக் கலை என்று சொல்லலாமா, இல்லை அது காசு இருப்பவர்களின் பொழுதுபோக்கு மட்டும்தானா?

சொல்லலாம் என்பது என் பதில். எல்லா வண்டிகளையும் சொல்ல மாட்டேன், பாதியைக்கூடச் சொல்ல மாட்டேன். ஆனால் அவற்றில் நல்லவை சிற்பம் என்ற சொல்லுக்கு முழுத் தகுதி உள்ளவை, அதில் எனக்குத் துளியும் தயக்கம் இல்லை. ஒரு வண்டி அந்த இடத்துக்கு வருகிறதா என்று பார்க்க நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றே ஒன்று. அதைச் செய்தவர் பழைய வண்டியின் உருவத்தை ஊன்றிப் படித்திருக்கிறாரா, அவர் செய்த ஒவ்வொரு மாற்றமும் அந்த உருவத்தோடு பேசுகிறதா? அப்படி இருந்தால் எனக்கு அது கலை. எவ்வளவு செலவு, எத்தனை குதிரைத்திறன் என்பதெல்லாம் அப்புறம்.

முதலில் இந்த வண்டிகள் எங்கிருந்து வந்தன என்று கொஞ்சம் பார்க்கலாம். 1964 மாடலாக வந்த பான்டியாக் ஜிடிஓவிலிருந்துதான் பெரும்பாலானவர்கள் கதையைத் தொடங்குவார்கள். நடுத்தர அளவு வண்டியில் பெரிய இன்ஜின் வைக்கக்கூடாது என்று ஜெனரல் மோட்டார்ஸில் ஒரு உள்விதி இருந்தது. அதைச் சுற்றிக்கொண்டு போக, டெம்பஸ்ட் என்ற சாதாரண வண்டிக்கு 389 கன அங்குல இன்ஜினை, அதாவது சுமார் 6.4 லிட்டர், ஒரு 'ஆப்ஷன்' என்று சொல்லி 300 டாலர் போலக் கூடுதல் விலைக்கு விற்றார்கள். இளைஞர்கள் அள்ளிக்கொண்டு போனார்கள். அங்கிருந்து ஆறே ஆண்டில், 1970ல், செவெல் எஸ்எஸ் 454 கன அங்குல இன்ஜினும் 450 குதிரைத்திறனும் போட்டுக்கொண்டு வந்தது. பிறகு காப்பீட்டுக் கட்டணம் ஏறியது, புகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது, 1973ல் எண்ணெய் நெருக்கடி வந்தது, கதை முடிந்தது. இதில் கவனிக்க வேண்டியது, இவை யாவும் தொழிற்சாலையிலிருந்து கூட்டம் கூட்டமாக வந்த சாமான்கள். கமாரோ 1969 மாடல் மட்டும் 2,40,000க்கு மேல் செய்யப்பட்டது. அரிய பொருள் இல்லை, கையால் செய்த பொருளும் இல்லை. ஆனால் அவற்றின் உருவத்தை யாரோ ஒருவர் பென்சிலால் வரைந்தார், களிமண்ணில் முழு அளவில் செதுக்கினார்கள். 1968 டாட்ஜ் சார்ஜரின் இடுப்பு ஒடுங்கித் தோள் விரியும் அந்தப் பக்கவாட்டு வடிவத்துக்கு ரிச்சர்ட் சையஸ் என்ற வடிவமைப்பாளரின் பெயரைச் சொல்வார்கள். ஆக, கஸ்டம் வேலை, அதாவது வண்டியை இப்படி மாற்றி அமைக்கும் வேலை, செய்பவர் கையில் எடுப்பது ஏற்கெனவே ஒருவர் யோசித்து வைத்த உருவம். இது பின்னால் முக்கியமாக வரும்.

'ஓட்டுவதற்காகச் செய்த பொருள் எப்படிக் கலையாகும்' என்பதுதான் வழக்கமான முதல் எதிர்ப்பு. இந்தச் சண்டை எப்போதோ முடிந்துவிட்டது என்றே நினைக்கிறேன். நியூயார்க்கின் நவீன கலை அருங்காட்சியகம் 1951லேயே எட்டு கார்களைக் கொண்டுவந்து கண்காட்சி வைத்தது. அதை அமைத்த ஆர்தர் டிரெக்ஸ்லர் கார்களை உள்ளீடற்ற, உருளும் சிற்பங்கள் என்று எழுதினார். அந்த எட்டில் ராணுவ ஜீப்பும் ஒன்று என்பது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். பிற்பாடு இத்தாலியின் சிசிட்டாலியா 202 அந்த அருங்காட்சியகத்தின் நிரந்தரச் சேகரிப்பிலேயே இடம்பெற்றது, ஜாகுவார் இ-டைப்பும் அப்படியே.

ஆனால் அவை தொழிற்சாலை வடிவமைப்புகள். பட்டறையில் ஒருவர் மாற்றி அமைத்த வண்டி வேறு கதை அல்லவா என்று கேட்கலாம். அதற்கு ஜூடி ஷிகாகோ என்ற அமெரிக்கக் கலைஞரைத்தான் காட்டுவேன். 1960களில் லாஸ் ஏஞ்சலிஸில் ஓவியம் படித்துவிட்டு, ஸ்ப்ரே பெயிண்ட் பழகுவதற்காக ஆண்கள் நிறைந்த ஒரு வண்டிப் பட்டறைப் பள்ளியில் போய்ச் சேர்ந்தார். அங்கே கற்ற கையோடு 1964ல் ஒரு செவ்ரோலெட் கோர்வேர் காரின் மூடியை எடுத்து, அதன் மேல் அக்ரிலிக் லேக்கர் அடித்துச் செய்த படைப்பு இன்று ஸ்டாக்ஹோமில் மாடர்னா மியூசீட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இன்னொரு அமெரிக்கக் கலைஞரான ரிச்சர்ட் பிரின்ஸ் 1980களின் பிற்பகுதியில் இன்னும் நேரடியாகவே இறங்கினார். மசில் கார்களின் பானெட்டுகளைத் தபாலில் வரவழைத்து, பட்டி போட்டு, தேய்த்து, பெயிண்ட் அடித்துச் சுவரில் மாட்டினார். பெரிய காலரிகள் அதை ஏற்றுக்கொண்டன, அந்த பானெட்டுகள் கலைச்சந்தையில் பெரிய விலைக்குப் போகின்றன.

இதை யோசித்துப் பாருங்கள். அதே பானெட், அதே பட்டி, அதே உப்புத்தாள், அதே ஸ்ப்ரே கன். சுவரில் மாட்டினால் கலை, கீலில் மாட்டி அடியில் இன்ஜினை வைத்தால் டிங்கரிங் வேலை. இந்த வேறுபாட்டை எந்த நியாயத்தாலும் என்னால் ஏற்க முடியவில்லை. பிரின்ஸின் பானெட்டுகள் எனக்குப் பிடிக்கும். ஆனால் அதைவிடக் கடினமான பிரச்சினையைத் தீர்த்த, அதைவிட நுட்பமான பரப்பை உண்டாக்கிய பட்டறைக்காரர்கள் டெட்ராய்ட்டிலும் கலிஃபோர்னியாவிலும் இருக்கிறார்கள், அவர்களுக்கும் அந்தச் சொல்லின் மேல் உரிமை உண்டு.

இரண்டாவது எதிர்ப்பு கொஞ்சம் கனமானது. உருவம் டாட்ஜ் நிறுவனத்துடையது, அடிச்சட்டம் செய்தது கார் நகரமான டெட்ராய்ட், இவர் என்ன புதிதாகப் படைத்துவிட்டார் என்பது. நம் கச்சேரியில் இதற்குத் தெளிவான பதில் இருக்கிறது. தியாகராஜர் கீர்த்தனையைப் பாடும்போது சாகித்யம் பாடுபவருடையது இல்லை, ராகம் அவருடையது இல்லை, தாளமும் இல்லை. ஆனால் ஒரு வரியை எடுத்துக்கொண்டு நிரவல் செய்யும்போது நாம் கேட்பது முழுக்க அவருடைய கற்பனை. வரியின் சொற்கள் அப்படியே இருக்க வேண்டும், தாளத்தில் அது விழும் இடம் மாறக்கூடாது. அந்தக் கட்டுப்பாட்டுக்குள் எவ்வளவு தூரம் போய்த் திரும்புகிறார் என்பதில்தான் வித்வத். நல்ல கஸ்டம் மசில் கார் செய்யும் வேலையும் இதுதான். பார்த்தவுடன் 'ஆ, 69 கமாரோ' என்று தெரிய வேண்டும், அதே நேரத்தில் கம்பெனி கமாரோவில் இல்லாத ஏதோ ஒன்று கண்ணைப் பிடித்து நிறுத்த வேண்டும். அந்த ஏதோ ஒன்று என்ன என்று உடனே சொல்ல முடியாவிட்டால் இன்னும் நல்லது.

சரி, வேலைக்கே வருகிறேன், ஏனென்றால் இதை ஒரு சமூகவியல் விவாதமாகப் பேசுபவர்கள் தகட்டின் பக்கத்தில் போவதே இல்லை.

கூரையைத் தாழ்த்துவதை எடுத்துக்கொள்ளுங்கள். தூண்களில் சில அங்குலம் அறுத்துவிட்டுக் கூரையை இறக்கி ஒட்டினால் முடிந்தது என்று தோன்றும். முடியாது. தூண்கள் நேராக நிற்பதில்லை, உள்பக்கம் சாய்ந்து போகின்றன. நடுவில் ஒரு துண்டை எடுத்துவிட்டால் மேல் பாதியும் கீழ்ப் பாதியும் ஒன்றுக்கொன்று நேராக வராது. ஆகவே தூணைப் படுக்க வைக்க வேண்டும், இல்லையேல் கூரையையே குறுக்கே வெட்டி நீட்ட வேண்டும். கண்ணாடியை வெட்ட வேண்டும், கதவுச் சட்டத்தை மறுபடி செய்ய வேண்டும். மசில் கார்களுக்கு முந்தைய தலைமுறையில் இதன் உச்சம் என்று பலரும் சொல்வது ஹிரோஹாட்டா மெர்க். ஜப்பானிய அமெரிக்கரான பாப் ஹிரோஹாட்டாவின் 1951 மெர்குரியை 1952ல் ஜார்ஜ் பாரிஸ், சாம் பாரிஸ் சகோதரர்களின் பட்டறையில் மாற்றினார்கள். கூரை முன்பக்கம் 4 அங்குலமும் பின்பக்கம் 7 அங்குலமும் இறங்கியது. நடுத்தூணையே எடுத்துவிட்டு, ஜன்னல் விளிம்பு ஒரே வளைவாகப் பின்னால் வழிந்து இறங்கும்படி செய்தார்கள். இந்த 4க்கும் 7க்கும் உள்ள வித்தியாசம்தான் முழு வண்டி. ஒரே அளவாகக் குறைத்திருந்தால் அது வெறும் குள்ளமான மெர்குரியாக நின்றிருக்கும். பின்பக்கம் கூடுதலாக இறங்கியதால் வண்டி நிற்கும்போதே ஓடுவதாகத் தோன்றுகிறது. 2022ல் அது 20 லட்சம் டாலருக்கு மேல் ஏலம் போனது. என் வாதத்துக்கு அந்த விலை தேவையில்லை. அந்த ஜன்னல் வளைவு போதும்.

மசில் கார்களில் வேலை இன்னும் அடக்கமானது, அதனால் பார்ப்பதும் கடினம். ஒரு உதாரணம் பம்பர். அந்தக் காலத்துத் தொழிற்சாலை பம்பர்கள் உடம்பை விட்டு ஓர் அங்குலம் இரண்டு அங்குலம் விலகி நிற்கும், எல்லா வண்டிக்கும் பொருந்த வேண்டும் என்பதற்காக. நல்ல பட்டறைக்காரர் அதைத் துண்டு துண்டாக அறுத்து, குறுக்கி, உடம்பின் வளைவுக்கு ஏற்ப வளைத்து, சட்டையில் பொத்தான் பிடிக்கிற நெருக்கத்துக்குக் கொண்டுவருவார். அப்புறம் குரோமியம் பூச வேண்டும். பெயிண்டுக்கு அடியில் பட்டி வைத்துப் பள்ளத்தை மறைக்கலாம், குரோமியத்துக்கு அடியில் எதையும் மறைக்க முடியாது. வெல்டிங் தழும்பு ஒரு மயிரிழை இருந்தாலும் பளபளப்பில் தெரிந்துவிடும். அத்தனை வேலையும் முடிந்தபின் பார்ப்பவருக்கு எதுவும் மாறியதாகவே தெரியாது, வண்டி இன்னும் இறுக்கமாக, இன்னும் கோபமாக இருப்பதாக மட்டும் தெரியும்.

விஸ்கான்சினில் ஸ்பிரிங் கிரீன் என்ற சிற்றூரில் ரிங்பிரதர்ஸ் என்று இரண்டு சகோதரர்கள் நடத்தும் பட்டறை இருக்கிறது. அவர்கள் 2017ல் 1972 ஏஎம்சி ஜாவலின் ஒன்றை 'டிஃபையன்ட்' என்ற பெயரில் காட்டினார்கள். எல்லாரும் அதன் சூப்பர்சார்ஜர் இன்ஜினையும் ஆயிரத்தைத் தாண்டிய குதிரைத்திறனையும் பேசினார்கள். எனக்கு முக்கியமானது வேறு. முன்சக்கரங்களைச் சுமார் அரை அடி முன்னுக்கு நகர்த்தியிருந்தார்கள். கம்பெனி ஜாவலினில் முன்சக்கரத்துக்கு முன்னால் மூக்கு நீண்டு தொங்கும், அந்த வண்டியின் குறையே அதுதான். மட்கார்டின் வீங்கிய தோளோ அற்புதமானது. சக்கரம் முன்னே போனதும் தொங்கல் குறைந்தது, அந்தத் தோளுக்கு அடியில் அதற்கு உரிய இடத்தில் சக்கரம் வந்து உட்கார்ந்தது. ஏஎம்சி ஆட்கள் வரைய நினைத்து, செலவுக்கும் பொது உதிரிபாகங்களுக்கும் பயந்து விட்டுக்கொடுத்த வண்டி அதுதானோ என்று தோன்றும். பழைய உருவத்துக்குள் இருந்த ஒரு நல்ல யோசனையைக் கண்டுபிடித்து அதை முடித்துவைப்பது, இதை விமர்சனம் என்றே சொல்வேன், தகட்டில் எழுதிய விமர்சனம்.

அமெரிக்க வடிவமைப்பாளர் சிப் ஃபூஸ் செய்த 'இம்போஸ்டர்' இன்னொரு வகை. பார்வைக்கு 1965 செவ்ரோலெட் இம்பாலா, அடியில் நவீன கோர்வெட்டின் சட்டம். இம்பாலா பெரிய குடும்ப வண்டி, கோர்வெட் இரண்டு பேர் உட்காரும் ஸ்போர்ட்ஸ் கார், இரண்டின் அளவும் விகிதமும் ஒன்றோடொன்று சேராது. ஆகவே இம்பாலாவின் உடம்பில் எல்லா அளவையும் மாற்றி, எதையும் மாற்றாத தோற்றத்தைக் கொடுத்திருக்கிறார். 2015ல் டெட்ராய்ட்டின் ஆட்டோரமா என்ற கஸ்டம் கார் கண்காட்சியில் ரிட்லர் விருது இதற்குத்தான் கிடைத்தது. 1964லிருந்து கொடுக்கப்படும் விருது அது, அதற்கு முன் எந்தக் கண்காட்சியிலும் காட்டாத வண்டியாக இருக்க வேண்டும் என்பது விதி.

பெயிண்ட் பற்றித் தனியாகவே எழுதலாம், ஆனால் ஒன்று மட்டும். கேண்டி பெயிண்ட் என்பது நிறம் அடிப்பது இல்லை. அடியில் வெள்ளியோ தங்கமோ மின்னும் பூச்சு, அதன் மேல் நிறம் கலந்த, ஆனால் ஊடுருவிப் பார்க்கக்கூடிய பூச்சுகள் அடுக்கடுக்காக. வெளிச்சம் உள்ளே போய் அடிப்பூச்சில் பட்டுத் திரும்பி வருவதால்தான் அந்த ஆழம். ஒவ்வொரு அடுக்குக்கும் நிறம் கருத்துக்கொண்டே போகும், கை ஓரிடத்தில் ஒரு நொடி தாமதித்தால் அங்கே பட்டையாகத் தெரியும். பின்னால் ஒரு கீறல் விழுந்தால் அந்த இடத்தை மட்டும் தொட்டுச் சரிசெய்யவும் வழியில்லை. கேண்டி ஆப்பிள் சிவப்பைக் கொண்டுவந்தவர் என்று ஜோ பெய்லனைச் சொல்வார்கள். ஈரச் சாலையில் பின்விளக்கின் சிவப்பைப் பார்த்து, அதை எப்படி வண்டி மேல் கொண்டுவருவது என்று ஆண்டுக்கணக்கில் முயன்றாராம். ஓர் ஓவியரைப் பற்றி இதைச் சொன்னால் கலையா என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

பணக்காரர் விளையாட்டு என்ற குற்றச்சாட்டில் உண்மை இருக்கிறது. இன்றைய ரிட்லர் வண்டிகள் சாதாரண ஆளின் கைக்கு எட்டாதவை. ஆனால் இந்த மரபின் வேர் அங்கே இல்லை. வாஷிங்டனில் ஸ்மித்சோனியனின் அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் 'டேவ்ஸ் டிரீம்' என்று 1969 ஃபோர்டு எல்டிடி ஒன்று இருக்கிறது. அது மசில் கார் இல்லை, லோரைடர், அதாவது தரையை ஒட்டித் தாழ்த்திய வண்டி, ஆனால் அதே காலத்து டெட்ராய்ட் தகடுதான். நியூ மெக்சிகோவில் சிமாயோ என்ற சின்ன ஊர்க்காரரான டேவ் ஹராமியோ தன் குடும்பத்துக்காகச் செய்யத் தொடங்கியது. முடிக்கும் முன்பே 1978ல் இறந்துவிட்டார். குடும்பமும் ஊர்க்காரர்களும் சேர்ந்து முடித்தார்கள். வெல்வெட் இருக்கை, ஹைட்ராலிக்ஸ், பெயிண்ட் என்று ஒவ்வொன்றிலும் அந்த ஊரின் கை இருக்கிறது. இதைப் பணக்காரர் பொம்மை என்று யாராவது என்னிடம் சொன்னால் எனக்குக் கோபம்தான் வரும்.

சட்டம் என்ன சொல்கிறது என்றும் சிலர் கேட்பார்கள். அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டம் (காப்பிரைட்) பயன்பாட்டுப் பொருள்களின் வடிவத்தைப் பொதுவாகப் பாதுகாப்பதில்லை, பொருளிலிருந்து தனியே பிரித்துப் பார்க்கக்கூடிய அலங்காரத்துக்கு மட்டும்தான் இடம். டெக்சாஸில் சான் மார்கோஸ் ஊரில் ஒரு கடைக்காரர் நொறுங்கிய ஓல்ட்ஸ்மொபைல் ஒன்றில் மண் நிரப்பிக் கள்ளிச்செடி வைத்து, உள்ளூர் ஓவியர்களை விட்டு வரையச் செய்தார். நகராட்சி அதைக் கழித்துப்போட்ட பழைய வண்டி என்றது, 2010ல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் நகராட்சி பக்கமே நின்றது. 2025ல் 'எலனோர்' என்ற திரைப்பட மஸ்டாங் வழக்கில், அந்த வண்டி பதிப்புரிமை பெறக்கூடிய கதாபாத்திரம் இல்லை என்று மற்றொரு மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. படத்துக்குப் படம் அது வேறு வேறு மஸ்டாங்காக, மஞ்சளாக ஒரு தடவை, சாம்பலாக ஒரு தடவை வந்ததும் அதற்குப் பாதகமானது. இந்தத் தீர்ப்புகளை வைத்துக் கலையா இல்லையா என்று முடிவு செய்யக்கூடாது. நீதிமன்றம் கேட்பது யாருக்கு என்ன உரிமை, எந்த விதி செல்லும் என்ற கேள்வியை. அதற்கு மேல் அதில் தேட ஒன்றுமில்லை.

அப்படியானால் எது கலை இல்லை? லாஸ் வேகஸில் ஒவ்வொரு நவம்பரும் நடக்கும் செமா என்ற கார் உதிரிபாகக் கண்காட்சியில் நிற்கும் வண்டிகளில் பெரும்பகுதியை நான் சேர்க்க மாட்டேன். டயர் கம்பெனிக்கு ஒரு டயர், சக்கரக் கம்பெனிக்கு ஒரு சக்கரம், ஸ்டீரியோ கம்பெனிக்கு ஒரு ஸ்பீக்கர் என்று உதிரிபாகப் பட்டியலைத் தகட்டில் மாட்டி வைத்த வண்டிகள் அவை. ஒவ்வொரு பாகமும் விலை உயர்ந்தது, ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் உறவு கிடையாது. மெல்லிய டயர் சுற்றிய ராட்சதச் சக்கரத்தை 70 செவெலில் மாட்டினால் அந்த வண்டியின் உடம்பே சின்னதாகிவிடும், மாட்டியவருக்கு அது கண்ணில் படவே இல்லை என்று அர்த்தம். தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே நட்டு போல்ட்டின் பூச்சு வரை மீட்டெடுக்கும் ரெஸ்டோரேஷன் வேலையும் வேறு வகை. அதற்கு என் மரியாதை உண்டு, அது வரலாற்றுப் பணி.

வரலாறு என்றதும் ஒன்று சொல்லியாக வேண்டும். 1971 பிளிமத் ஹெமி குடாவின் கன்வர்டிபிள், அதாவது கூரை திறக்கும் வகை, மொத்தமே 11தான் செய்யப்பட்டது. அப்படி ஒன்றின் மேல் ஒருவர் அறுப்புக் கருவியை வைத்தால், அவர் எவ்வளவு பெரிய கலைஞராக இருந்தாலும் நான் எதிர்ப்பேன். ஆனால் அந்தப் பயம் தேவைக்கு அதிகமாகப் பரவியிருக்கிறது. துருப்பிடித்துக் கிடக்கும் சாதாரண ஆறு சிலிண்டர் வண்டிகள் லட்சக்கணக்கில் இருந்தன. இப்போது மஸ்டாங்குக்கும் கமாரோவுக்கும் முழு உடம்பையே புது இரும்பில் அடித்து விற்கிறார்கள். ஒரு வரலாற்றையும் தொடாமல் எவ்வளவு துணிச்சலான வண்டியையும் செய்யலாம்.

இதை நேரில் பார்த்து முடிவு செய்ய நினைப்பவர்கள், டெட்ராய்ட் பக்கம் இருந்தால் குளிர்காலக் கடைசியில் நடக்கும் ஆட்டோரமாவுக்குப் போங்கள். போகும் முன் அந்தந்த மாடலின் கம்பெனி புகைப்படத்தைப் போனில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வண்டியின் பின்மூலையில், கொஞ்சம் குனிந்து, கதவுக்கும் மட்கார்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி மேலிருந்து கீழ் வரை ஒரே அளவாக ஓடுகிறதா என்று பாருங்கள். அப்புறம் போனையும் வண்டியையும் மாறி மாறிப் பாருங்கள், கூரை எங்கே இறங்கியிருக்கிறது, சக்கரம் எங்கே நகர்ந்திருக்கிறது, எந்தக் கோடு காணாமல் போயிருக்கிறது என்று. செய்தவர் பெரும்பாலும் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். குதிரைத்திறன் பலகையில் எழுதியிருக்கும், அதைக் கேட்காதீர்கள். எதை மாற்றாமல் விட்டீர்கள், ஏன் விட்டீர்கள் என்று கேளுங்கள். அதற்கு அவரிடம் நீண்ட பதில் இருந்தால் நீங்கள் சரியான வண்டியின் முன்னால் நிற்கிறீர்கள்.